நாலு ஈ

ஊரின் பெயர் துக்ம்.
லேபர் பஸ்ஸின் முதுகுத் தூசியில் எவனோ
ஓரெழுத்தைக் கூட்டித் துக்கம் என்று எழுதியிருந்தான்.
மலிவான சிலேடை. ஆனாலும் நான் துடைக்கவில்லை,
காற்று பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

கேம்ப்பில் இருபத்தாறு கணுக்கள் கட்டினோம்,
நானும் கசாலி மரைக்காயரும்.
தண்ணீர்த் தொட்டிகளின் மேல், மெஸ் கூரையில்,
ஜெனரேட்டர் கொட்டகையின் நெற்றியில்.
கேபிள் புதைக்க ஒப்பந்தத்தில் காசில்லை,
அதனால் ஒன்றின் சொல்லை ஒன்று வாங்கி
அடுத்ததன் கையில் கொடுக்கும்.
பத்தாம் தொட்டி படுத்துவிட்டால்
பேச்சு பதினொன்றைச் சுற்றிப் போகும்,
யாரிடமும் அனுமதி கேட்காது.
கரீஃப் காற்று அடிக்கும் மாசங்களில்
வழிகள் மணிக்கு நாற்பது முறை மாறும்.
திரையில் பார்த்தால்
எறும்புச் சாரியின் குறுக்கே யாரோ
விரல் வைத்த மாதிரி இருக்கும்.

எல்லாருக்கும் பெயர் உண்டு.
எனக்குத் தெரிவது பன்னிரண்டு எழுத்து முகவரி மட்டும்.
அதில் ஒன்று நாலு ஈ என்று முடியும்.
அப்படியே கூப்பிட்டோம்.
நாலு ஈ கிளம்பிட்டான் பாரு, என்பான் கசாலி,
டீயை ஆற்றிக்கொண்டே.

இரவு பதினொன்று பத்து.
சி பிளாக், மெஸ், கொட்டகை,
ஐந்தாம் தொட்டி, ஆறாம் தொட்டி, கிழக்கு வேலி.
திரும்பவும் அதே வழி.
பன்னிரண்டு கட்டில் போட்ட அறையில்
பொண்டாட்டியிடம் பேச மூலை ஏது?
நடந்தான்.
அவனுக்கு நடைதான் தனியறை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
தினமும் பதினோரு வினாடி அறுந்தது.
புகார் எதுவும் வரவில்லை.
அந்தப் பதினோரு வினாடியில் எந்த முகம்
வாய் திறந்தபடி உறைந்து நின்றதோ.

ஒரு நாள் என் போனைப் பிடித்துக்கொண்டு
அவன் தடத்திலேயே நடந்தேன்.
ஆறாம் தொட்டியின் அடியில் நிற்கிறேன்,
அண்ணாந்தால் கணுவின் பச்சை விளக்கு.
போன் இன்னும் ஐந்துக்குத்தான் காது கொடுக்கிறது,
முக்கால்வாசி செவிடாகி.
எங்கே சேர்வதென்று முடிவெடுப்பது கருவி,
நாம் சொன்னால் கேட்காது.
பழசை உதறத் தெரியாத பிறவி.

ஆறின் சத்தத்தைக் கூட்டலாம் என்றான் கசாலி.
இல்லை, குறைக்க வேண்டியது ஐந்தை.
தூரத்துக்கும் கேட்கிற குரலில்
அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை
எவன் கையை விடுவான்?
ஆறு டெசிபல் இறக்கினேன்.
அன்றிரவு கைமாறிய நேரம்
நாற்பது மில்லி வினாடி.
ஒரு கம்பெனியிலிருந்து மறு கம்பெனிக்குப் போக
எனக்குப் பதினாலு மாசம் ஆனது, மூன்று முத்திரை.

வேலியோரம் அவன் நிற்பது வழக்கம்,
மைனஸ் எண்பத்திரண்டில்,
பேச்சு நூலாய்த் தொங்குகிற இடத்தில்.
ஏன் அங்கே என்று லாக் சொல்லாது.
கடல் தெரியும் போல. தெரியாமலும் இருக்கலாம்.
என் போன் சட்டைப்பையில்,
மைனஸ் முப்பத்தெட்டு,
கேம்ப்பிலேயே நல்ல சிக்னல்.
மூன்று நாளாய் அதில் அலாரம் மட்டும் அடிக்கிறது.

கணக்கில் வராத கணு ஒன்று ஸ்டோரில் கிடந்தது.
வெள்ளி சாயங்காலம் வேலிக் கம்பத்தில் கட்டினேன்.
வழிப்பட்டியலில் ஒரு வரி தானாய் முளைத்தது.

அன்று நாலு ஈ வரவில்லை.
சனியும் வரவில்லை.
வெள்ளி மதியமே வெல்டர்களை வேனில் ஏற்றி
சோஹாருக்கு அனுப்பிவிட்டார்களாம், மெஸ்ஸில் பேச்சு.
முந்நூறு வினாடி பதில் இல்லையென்றால்
கணுக்கள் முகவரியைத் துடைத்துவிடும்.
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்,
மறக்காவிட்டால் நினைவு நிரம்பிவிடும்.

புதன் இரவு, வேலிக் கணுவில் ஒரு புது முகவரி.
நகரவே இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை.
போய்ப் பார்த்தேன்.
பலூச்சி வாட்ச்மேன்
பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பத்தடிக்கு
இழுத்துப் போட்டிருந்தார்.
திரையில் ஒரு பையன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.
என்னைக் கண்டதும் எழப்போனார்.
கையமர்த்திவிட்டு,
கம்பத்துக் கட்டுக்கம்பியை
இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன்.